மண்ணெண்ணெய் மிசினுக்கு நியோபிரீன் கஸ்கற் சரிவருமா?

நீர்வேலியில் வெங்காயத் தோட்டம் செய்யும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எனது மண்ணெண்ணெய் இறைப்பு மிசினில் சக்சன் குழாய் பூட்டும் இடம் காற்று இழுக்கிறது. எண்ணெய்த் தாங்கி மூடியின் வாசரும் ஊதிப்போய்விட்டது. கடையில் கறுப்பு நியோபிரீன் சீற் ஒன்றைத் தந்து இரண்டுக்கும் வெட்டிப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?"

சக்சன் பக்கத்துக்குத் தாராளமாகப் போடுங்கள். தாங்கி மூடிக்கு வேண்டாம்.

நியோபிரீன், 1930இல் அமெரிக்காவின் டூபொன்ட் ஆய்வுகூடத்தில் பிறந்த செயற்கை றப்பர். அதன் மூலக்கூறிலே குளோரின் இருக்கிறது. வெயிலையும் ஓசோனையும் அது தாங்குவதற்கு அதுவே முக்கிய காரணம். இயற்கை றப்பர் இழுவைக்கு அருமையானது, ஆனால் வெளியிலே கிடந்தால் மேற்பரப்பு பாளம் பாளமாக வெடித்துவிடும். நியோபிரீனுக்கு அந்தப் பிரச்சினை குறைவு. கிணற்றுத் தண்ணீர், கடல்நீர், உப்புக்காற்று எல்லாவற்றுக்கும் நின்றுபிடிக்கும். சுமார் 100 பாகை செல்சியஸ் வரை சூடும் தாங்கும். ஐஸ் தொழிற்சாலைகளின் அமோனியாக் குழாய்களுக்கும் இதைப் போடுவதுண்டு.

எண்ணெய் விசயத்தில்தான் அது நடுத்தரம். கிரீஸோ எஞ்சின் எண்ணெயோ தெறித்தால் சமாளிக்கும். மண்ணெண்ணெயில் ஊறிக்கிடந்தால் நாளடைவில் ஊதி மெத்தென்றாகிவிடும். பெற்றோலில் நிலைமை இன்னும் மோசம். உங்கள் மிசினைப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணித்தான் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவீர்கள் என்றால் இதையும் கவனியுங்கள். எரிபொருள் படும் இடமெல்லாம் நைற்றைல் றப்பர் கேட்டு வாங்குங்கள்.

இரண்டு சீற்றும் பார்வைக்கு ஒன்றுதான், ஆகவே கடைக்காரரின் வார்த்தையை மட்டும் நம்பவேண்டாம். ஒவ்வொன்றிலும் ஒரே அளவில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றை மண்ணெண்ணெய்ப் போத்தலில் போட்டு மூடி, மூன்று நாள் விடுங்கள். எடுத்துத் துடைத்து, ஊறாத துண்டின் மேலே வைத்துப் பாருங்கள். நைற்றைல் பெரிதாக மாறியிருக்காது. நியோபிரீன் விளிம்பிலே தெரியக்கூடியளவு வளர்ந்திருக்கும். இயற்கை றப்பர் என்றால் பருத்து, நகத்தால் கிள்ளினாலே பிய்ந்துவரும்.

சரி, சக்சன் பக்கத்துக்கு வருவோம். குழாயைப் போல்ற் போட்டுப் பூட்டும் வார்ப்பிரும்புத் தட்டு (பிளாஞ்ச்) கரடுமுரடாக இருக்கும், ஆகவே 3 மில்லிமீற்றர் சீற், றப்பரின் கடினத்தை அளக்கும் ஷோர் A அளவுகோலில் 60 அளவில் உள்ளது போதும். பஞ்சு மாதிரி அமுங்கும் நியோபிரீனும் கடையில் உண்டு. அது கதவு இடுக்குக்கு உரியது, இங்கே காற்று இழுக்கும். பழைய கஸ்கற்றின் ஒட்டலைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போடுங்கள். போல்ற்றுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குங்கள். கால்வாசி தடிப்பு அமுங்கினால் போதும். றப்பரை அமுக்கினால் அது சுருங்குவதில்லை, பக்கவாட்டில்தான் பிதுங்கும். விளிம்பு உப்பி வெளியே தள்ளினால் அளவுக்கு மீறி முறுக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். பலர் அங்கேதான் கஸ்கற்றைக் கொல்கிறார்கள். அடுத்த நாள் ஒருமுறை இறுக்கம் பாருங்கள், புது றப்பர் கொஞ்சம் இளகிக்கொடுக்கும்.

மிஞ்சிய துண்டை சைலன்சருக்கோ சிலிண்டர் ஹெட்டுக்கோ வெட்டிப் போட்டுவிடாதீர்கள். அந்தச் சூட்டுக்கு எந்தச் சாதாரண றப்பரும் நிற்காது, அவற்றுக்கென்று வரும் கஸ்கற்றையே வாங்கிப் போடுங்கள்.