பினாங்கைச் சுற்றப் போகிறீர்களா, கடல் இடது கைப்பக்கம் இருக்கட்டும்

காவேரிப்பட்டினத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். பினாங்கில் மின்னணுத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார், ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், சனி ஞாயிறில் வாடகைக் கார் எடுத்துத் தீவைச் சுற்றிக் காட்ட வேண்டும், அப்பாவும் கொஞ்ச தூரம் ஓட்ட ஆசைப்படுகிறார். கிருஷ்ணகிரி லைசென்ஸ் செல்லுமா, எந்தப் பக்கமிருந்து சுற்றுவது என்பதுதான் கேள்வி.

தாராளமாகப் போகலாம் தம்பி. மலேசியாவிலும் நம்மைப் போலவே இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும், முழுச் சுற்றும் சுமார் 70 கிலோமீட்டர்தான்.

முதலில் லைசென்ஸ். அப்பா கிளம்புவதற்கு முன்பே கிருஷ்ணகிரி ஆர்டிஓ அலுவலகத்தில் இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் வாங்கிவிடட்டும், கட்டணம் 1000 ரூபாய், ஒரு வருடம் செல்லும். அதற்கு முன் லைசென்ஸ் அட்டையில் காலாவதித் தேதியைப் பார்க்கச் சொல்லுங்கள், 55 வயதுக்கு மேல் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பலரும் இதை மறந்தே போகிறார்கள். உங்கள் சொந்த பர்மிட் அங்கேயே காலாவதி ஆகியிருந்தால் ஊருக்கு வர வேண்டியதில்லை, 2021-லிருந்து இந்தியத் தூதரகம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். ஆனால் நீங்கள் அங்கே வேலை அனுமதியில் தங்கியிருப்பவர், சுற்றுலா வருபவருக்கான விதி உங்களுக்கு அப்படியே பொருந்தும் என்று நினைக்காமல் அந்த ஊர் போக்குவரத்து அலுவலகமான ஜேபிஜேயில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நண்பர் கார் தருகிறார் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இடித்துவிட்டால் இன்சூரன்ஸில் பெயர் இல்லாத ஆள் ஓட்டினார் என்று சிக்கலாகி நட்பும் கெட்டுப்போகும். வாடகைக்கே எடுங்கள், ஒப்பந்தத்தில் அப்பா பெயரையும் இரண்டாவது ஓட்டுநராகச் சேர்க்கச் சொல்லுங்கள், காரைச் சுற்றி ஒரு வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, எந்தப் பக்கம்? விமான நிலையம் இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து தெற்கே இறங்கி தெலுக் கும்பார், பாலிக் புலாவ், தெலுக் பஹாங், பத்து ஃபெரிங்கி, அப்புறம் ஜார்ஜ் டவுன். இப்படிக் கடிகார முள் போகிற திசையில் சுற்றினால் கடல் எப்போதும் உங்கள் இடது பக்கமே இருக்கும். பத்து ஃபெரிங்கி வரும் வழியில் ரோடு குறுகி, வளைந்து, கடலை ஒட்டியே போகும், அம்மா ‘நிறுத்துப்பா’ என்றால் எதிரே வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்டாமல் ஒதுங்கிவிடலாம். எதிர்த்திசையில் போகிறவர்கள் ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் வலது பக்கம் திரும்ப வேண்டும், அந்த வளைவுகளில் அது நல்லதில்லை.

அப்பா விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை ஒன்றுதான். அங்கே வாடகைக் கார் பெரும்பாலும் ஆட்டோமேட்டிக். ஆயுள் முழுக்க கிளட்ச் மிதித்த இடது கால் சும்மா இருக்காது, சிக்னலில் வேகம் குறையும்போது தானாகவே கிளட்சைத் தேடிப் போய் பிரேக்கை ஓங்கி மிதித்துவிடும், பின்னால் வருகிறவன் வந்து மோதுவான். இடது காலைப் பின்னால் இழுத்து சீட்டை ஒட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், காலி பார்க்கிங் ஒன்றில் அரை மணி நேரம் பழகவிட்டு அப்புறம் ரோட்டில் விடுங்கள். அவருக்கு ஏற்ற இடம் பாலிக் புலாவ் சுற்றியுள்ள சமவெளி, வயலும் கிராமமுமாக இருக்கும். அதைத் தாண்டி தெலுக் பஹாங் வரை மலைப்பாதை, கொண்டை ஊசி வளைவுகள் வரும், அங்கே நீங்களே ஓட்டுங்கள். இறக்கத்தில் பிரேக்கிலேயே காலை வைத்திருக்காமல் தொப்பூர் கணவாயில் கியரைக் குறைத்து இறங்குவது போல இதிலும் ‘டி’-யிலிருந்து (D) ‘எல்’ (L) அல்லது ‘பி’-க்கு (B, பார்க்கிங்குக்கான P அல்ல) மாற்றி இறங்குங்கள்.

சிக்னல் சிவப்பில் இருக்கும்போது நம் ஊர் பழக்கத்தில் ‘ஃப்ரீ லெஃப்ட்’ என்று திரும்பிவிடாதீர்கள், அனுமதிப் பலகை இருந்தால்தான் திரும்பலாம். பின் சீட்டிலும் பெல்ட் கட்டாயம், அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். பெட்ரோல் பங்க்கில் உள்ளே பணம் கட்டிவிட்டு நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் மலைப்பாதையை மதியத்துக்குள் கடந்துவிடலாம். பிற்பகலில் இடிமழை வந்தால் வளைவுகளில் எதிரே வருவது தெரியாது, செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னும் மோசம். பாலிக் புலாவில் அவசரப்படாதீர்கள். பலா போல முள்ளாக இருக்கும் டுரியான் பழம், ஜாதிக்காய், கிராம்புத் தோட்டங்கள் இருக்கின்றன, மாந்தோப்பு வைத்திருக்கும் நம் பக்கத்து ஆட்களுக்குக் கடற்கரையைவிட இதுதான் பிடிக்கும், மரத்தைப் பார்த்தால் ஒட்டா நாட்டா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஜூன் ஜூலையில் போனால் டுரியான் கிடைக்கும், அங்கேயே தின்றுவிடுங்கள், காருக்குள் ஏற்ற வேண்டாம், வாசனை போகாது, வாடகைக்காரர் சுத்தம் செய்யக் காசு பிடிப்பார். பத்து ஃபெரிங்கியைச் சனிக்கிழமை சாயங்காலத்துக்கு முன் கடந்துவிடுங்கள், இரவுக் கடைகள் ஆரம்பித்துவிட்டால் ரோடு நகராது.

ஞாயிற்றுக்கிழமை ஜார்ஜ் டவுன். காரை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு நடங்கள், பழைய தெருக்கள் பலவும் ஒருவழிப் பாதை. குவீன் தெரு மாரியம்மன் கோயிலும் லிட்டில் இந்தியாவும் பக்கத்துப் பக்கத்தில்தான், அம்மா தமிழிலேயே கடைக்காரரிடம் விலை பேசலாம். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஐந்நூறுக்கு மேல் படிகள் இருக்கின்றன, வெயில் ஏறுவதற்கு முன் முதல் வேலையாக அங்கே போய்விடுங்கள், அம்மாவுக்கு முட்டி வலி என்றால் அடிவாரத்தில் இருக்கும் கோயிலில் கும்பிட்டுக்கொண்டு உட்காரட்டும்.