வாசகர் கேள்வி பதில்: யாரை விட்டு விலக வேண்டும்?

கேள்வி: நான் தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்தவள். பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். எங்கள் குழுவின் விருந்துகள் பெரும்பாலும் மது பரிமாறும் இடங்களில்தான் நடக்கின்றன. என்னோடு வாடகை வீட்டில் தங்கியிருக்கும் தோழியின் காதலர் சில இரவுகள் அங்கேயே தங்கிவிடுகிறார். இப்படிப்பட்டவர்களோடு எந்த உறவும் வைத்துக்கொள்ளக் கூடாது, "பிரிந்துபோங்கள்" என்று வேதமே சொல்கிறது என்கிறார் எங்கள் வாலிபர் கூட்டத் தலைவர். வேலையையே விட்டுவிட வேண்டுமா?
- ஒரு வாசகி, பெங்களூர்

பதில்: சகோதரி, வேலையை விட வேண்டியதில்லை. உங்கள் தலைவருக்கு வந்திருக்கும் இதே குழப்பம் கிரேக்க நாட்டு நகரமான கொரிந்தின் சபையாருக்கும் வந்தது. வேசித்தனக்காரரோடு கலந்திருக்கக் கூடாது என்று அப்போஸ்தலனாகிய பவுல் அவர்களுக்கு முன்பு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அந்தக் கடிதம் இன்று நம்மிடம் இல்லை. ஊரில் உள்ள எல்லாரையும் ஒதுக்கச் சொல்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டதால், எபேசுவிலிருந்து எழுதிய அடுத்த நிருபத்தில் (1 கொரிந்தியர் 5:9-13) அவரே அதைத் திருத்துகிறார். உலகத்தாரைத் தாம் குறிப்பிடவில்லை என்றும், அப்படியானால் நீங்கள் உலகத்தை விட்டே போய்விட வேண்டியிருக்கும் என்றும் சொல்லிவிட்டு, சகோதரன் என்று பெயர் வைத்துக்கொண்டே வேசித்தனத்திலும் பொருளாசையிலும் நடப்பவனைப் பற்றியே எழுதினேன் என்கிறார். வெளியே இருக்கிறவர்களை நியாயந்தீர்ப்பது என் வேலையா என்றும் கேட்கிறார். உங்கள் தலைவர் காட்டும் வசனம் (2 கொரிந்தியர் 6:17) விக்கிரக வழிபாட்டில் பங்குகொள்வதைப் பற்றி அந்தப் பகுதியில் வருவது. உடன் வேலை செய்பவர்களோடு பேசக் கூடாது என்பதற்கு அதை ஆதாரமாக்க முடியாது.

கொரிந்தைப் பற்றி நம் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு செய்தியை இங்கே சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும். அங்கிருந்த அப்ரோதித்தி என்ற காதல் தெய்வத்தின் கோயிலில் ஆயிரம் தேவதாசிகள் இருந்தார்கள் என்பார்கள். ஸ்டிராபோ என்ற பண்டைய ஆசிரியர் அதைப் பழைய கொரிந்தைப் பற்றியே எழுதினார். அதையும் ஆய்வாளர் பலர் ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். அந்தப் பழைய நகரத்தை ரோமர் கி.மு. 146-இல் அழித்துவிட்டார்கள். பவுல் கண்டது கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசரின் ஏற்பாட்டில் ரோமக் குடியேற்றமாக மறுபடி எழுந்த நகரம். இரண்டு துறைமுகங்களுக்கு நடுவே, வணிகமும் பணமும் புழங்க, எங்கிருந்தோ வந்தவர்கள் முன்னேறத் துடித்த ஊர் அது. அதைத் தனிப்பட்ட பாவப் பட்டணமாகச் சித்திரித்துவிட்டால், அது நம் ஊர்களைப் போன்ற ஓர் ஊர்தான் என்பது நமக்கு மறைந்துபோகிறது.

அந்த ஊரில் பவுல் ஒன்றரை ஆண்டு தங்கினார். அங்கே பவுல் யார் முன் நிறுத்தப்பட்டாரோ அந்தக் கல்லியோன், கொரிந்து இருந்த அகாயா என்ற ரோம மாகாணத்தின் அதிபதியாக இருந்த காலத்தைக் காட்டும் டெல்பி கல்வெட்டைக் கொண்டு, அது கி.பி. 51-ஐ ஒட்டிய காலம் என்று கணிக்கிறார்கள். ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியரோடு கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். கூடாரம் வாங்க வந்தவர்களும், பக்கத்துக் கடைக்காரர்களும் அந்த ஊரின் வழக்கப்படி வாழ்ந்தவர்கள்தாமே. அவர்களோடு பேசாமல் அவர் தொழில் நடத்தியிருக்க முடியாது.

இனி உங்கள் குழு விருந்துக்கு வருகிறேன். அன்றைய கொரிந்தில் இறைச்சியே பெரிய சிக்கலாக இருந்தது, ஏனென்றால் கோயிலில் பலியிட்ட விலங்கின் இறைச்சி சந்தைக்கும் விற்பனைக்கு வந்தது. பவுல் இதற்கு ஒரே விதி வகுக்காமல் இடத்துக்கு இடம் வேறு பதில் தருகிறார் (1 கொரிந்தியர் 10:14-33). சந்தையில் விற்பதை ஒன்றும் விசாரிக்காமல் வாங்கி உண்ணலாம். அவிசுவாசி ஒருவர் வீட்டுக்கு அழைத்தால், போக மனமிருந்தால் போய், வைத்ததை உண்ணலாம். ஆனால் அங்கே ஒருவர், "இது படைத்தது" என்று எடுத்துச் சொன்னால், அவருடைய மனச்சாட்சியை முன்னிட்டு உண்ணக் கூடாது. கோயில் பந்தியில் அமர்வதோ கூடவே கூடாது. கொரிந்தில் அஸ்கிலேப்பியஸ் என்ற மருத்துவத் தெய்வத்தின் கோயில் அகழாய்வில், சுவரோரமாகச் சாய்மஞ்சங்கள் போட்டு விருந்துண்ணும் மூன்று அறைகள் வெளிப்பட்டிருக்கின்றன. பிறந்தநாள் முதலிய குடும்ப விழாக்களைக் கோயில் அறைகளில் கொண்டாடுவது அக்காலத்தில் மரியாதைக்குரிய வழக்கம். அந்த அழைப்பை மறுத்தவர் உறவையும் தொழில் தொடர்பையும் இழக்கும் ஆபத்து இருந்தது. விலை கொடுக்க வேண்டிய இடம் அதுதான் என்று பவுல் தெளிவாகக் கோடு கிழித்தார். மற்ற இடங்களில் தாராளமாக விட்டுவிட்டார்.

ஆகவே குழு விருந்துக்குப் போங்கள். எலுமிச்சை சோடாவை வாங்கிக்கொண்டு உட்காருங்கள். ஏன் குடிப்பதில்லை என்று கேட்டால் ஒரு வாக்கியத்தில் காரணத்தைச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுங்கள். இரவு நீண்டு, குடித்து நிலைதடுமாறும் கட்டம் வரும்போது விடைபெறுங்கள். தோழியிடம், வீட்டில் இரவு ஆண்கள் தங்குவது எனக்கு ஒத்துவரவில்லை என்று நேரடியாகச் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு, நீங்களும் வாடகை தருகிறவர்தானே. அவர் ஏற்காவிட்டால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள், நட்பை முறித்துக்கொள்ளாமல். பவுல் விலகி ஓடச் சொன்னது வேசித்தனத்தை விட்டு (1 கொரிந்தியர் 6:18). தோழியை விட்டு அல்ல. அவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுக்க நீங்கள் அருகில் இருக்க வேண்டும்.

கேள்வி: திருமணத்துக்கு வெளியே உறவு வைப்பது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்ட பிறகு, திருச்சபை மட்டும் ஏன் பழையதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது?
- ஒரு கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: தம்பி, 2018 செப்டம்பர் 27 அன்று நீதிமன்றம் நீக்கிய, விபசாரத்தைக் குற்றமாக்கிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 497-ஆம் பிரிவை நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். கணவன் சம்மதித்திருந்தால் அதில் குற்றமே இல்லை. அதாவது மனைவியைக் கணவனின் உடைமையாக எண்ணிய சட்டம் அது. அது போனதில் கிறிஸ்தவர் வருந்த ஒன்றுமில்லை. ரோமச் சட்டமும் அப்படித்தான் இருந்தது, மணமான ஆண் அடிமைப் பெண்ணிடமோ விலைமகளிடமோ போவதை அது விபசாரமாக எண்ணவில்லை. அந்தச் சமுதாயத்துக்குள் நின்றுகொண்டு, கணவனின் சரீரத்துக்கு மனைவியே அதிகாரி என்று எழுதியவர் பவுல் (1 கொரிந்தியர் 7:4). தண்டனை இல்லை என்பதால் ஒரு செயல் சரியாகிவிடாது. "எல்லாவற்றையும் அநுபவிக்க எனக்கு அதிகாரமுண்டு" என்று கொரிந்தியர் பெருமை பேசியபோது, "ஆகிலும் எல்லாம் தகுதியாயிராது" என்றுதான் அவர் பதில் சொன்னார். அந்தப் பதில் இன்றும் போதுமானது.

கேள்வி: எங்கள் மகன் சென்னையில் ஒரு பெண்ணோடு திருமணமின்றி வாழ்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவளைச் சபையிலேயே மணக்கக் கேட்டான். அவளும் விசுவாசிதான், ஆனால் வேறு சமுதாயம் என்பதால் நாங்கள் சம்மதிக்கவில்லை. இப்போது அவனைத் தலைமுழுகிவிடும்படி சபை மூப்பர்கள் சொல்கிறார்கள். என்ன செய்வது?
- ஒரு பெற்றோர், நாகர்கோவில்

பதில்: மகன் செய்வது தவறு. திருமண உடன்படிக்கை இல்லாமல் கணவன் மனைவியாக வாழ்வதை வேதம் அனுமதிக்கவில்லை என்பதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஆனால் உங்கள் கடிதத்தின் நடுவில் போகிற போக்கில் எழுதியிருக்கும் அந்த வரியைப் படித்ததும் என் மனம் கலங்கியது. பிள்ளை நேர்வழியில் வந்து கேட்டான். வாசலை அடைத்தவர்கள் நீங்கள். அடைத்த காரணம் சாதி.

நகரத்துக் கலாச்சாரம் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று சபையில் வாரந்தோறும் ஜெபிக்கிறோம். 1961-லிருந்தே சட்டம் தடை செய்துள்ள வரதட்சணை நம் விசுவாசக் குடும்பங்களில் பவுனாகவும் காராகவும் கைமாறுகிறதே, அதற்காக எந்த மூப்பர் யாரைத் தலைமுழுகச் சொன்னார்? கிறிஸ்துவுக்குள் யூதனென்றும் கிரேக்கனென்றும் இல்லை என்று வாசித்துவிட்டு, மணமகள் தேவை விளம்பரத்தில் சாதிப் பெயரை அச்சிடுகிறோம். உலகம் வெளியிலிருந்து மட்டுமா நமக்குள் வருகிறது? 1 கொரிந்தியர் 5-ஆம் அதிகாரத்தில் பவுல் முதலில் கடிந்துகொள்வது பாவம் செய்த மனிதனை அல்ல, அதைப் பார்த்தும் துக்கப்படாமல் இறுமாந்திருந்த சபையை. அவனை விலக்கச் சொன்னதும் அவன் ஆவி இரட்சிக்கப்படுவதற்காகவே. அதே மனிதன்தான் என்று பலர் கருதும் ஒருவனைப் பற்றி அடுத்த நிருபத்தில் (2 கொரிந்தியர் 2:6-8), தண்டித்தது போதும், அவன் துக்கத்தில் அமிழ்ந்துபோகாதபடி மன்னித்துத் தேற்றுங்கள் என்கிறார்.

எனவே தலைமுழுகாதீர்கள். இருவருமாகச் சென்னைக்குப் போய், மகனிடமும் அந்தப் பெண்ணிடமும் முன்பு மறுத்ததற்காக மன்னிப்புக் கேளுங்கள். அவர்கள் திருமணத்துக்கு இணங்கினால், அது நடக்கும்வரை தனித்தனியே தங்கும்படி சொல்லுங்கள். பெண்ணின் பெற்றோரை அவர்கள் வீட்டிலேயே போய்ப் பாருங்கள், அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள்; சீதனம் எதுவும் வேண்டாம் என்பதை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு உங்கள் போதகரைச் சந்தித்து, மூன்று ஞாயிறு ஓலை (ஆராதனையில் வாசிக்கும் திருமண அறிவிப்பு) வாசிக்க ஏற்பாடு செய்யும்படி கேளுங்கள். மூப்பர்களில் எவராவது மறுப்புத் தெரிவித்தால், சாதியைத் தவிர வேறு காரணம் என்ன என்று சபைக் கூட்டத்திலேயே எழுந்து கேளுங்கள்.