சாயங்காலம் 6 மணிக்கு ஃபைல் தர்ற சீனியர்

சென்னை ராஜாஜி சாலையில நீங்க வேலை பாக்கிற கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல சீனியர் நாள் முழுக்க பேப்பரை மேஜையிலயே வச்சிருந்து, 6 மணிக்கு வாய்ஸ் நோட்ல வேலை சொல்றார், கேட்டா "அப்பவே சொன்னேனே"ங்கிறார். இதுதானே பிரச்சினை? அவரை மாத்தப் பாக்காதீங்க, பேப்பர் வர்ற நேரத்தை மட்டும் முன்னாடி இழுங்க.

காலையில 11 மணி டீ வரும்போது நீங்களே போய் நில்லுங்க. "ஏதாவது இருக்கா அண்ணே?"ன்னு கேட்டா "அப்புறம் பாக்கலாம்"தான் வரும். கப்பல் தேதியைச் சொல்லிக் கேளுங்க. பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதி சரக்குக்குக் கஸ்டம்ஸ்ல தர்ற விவரப் படிவத்தை, கப்பல் வர்றதுக்கு முந்தின நாளே போட்டாகணும். தவறினா லேட் கட்டணம் முதல் 3 நாளைக்குத் தினம் 5,000 ரூபாய், அப்புறம் தினம் 10,000. இந்தக் கணக்கு உங்களைவிட அவருக்கு நல்லாவே தெரியும்.

வாய்ஸ் நோட் வந்தா அதுக்கே ரிப்ளையா எழுத்துல போடுங்க: பி.எல். (பில் ஆஃப் லேடிங், கப்பல்காரங்க தர்ற சரக்கு ரசீது) நம்பர், "இன்வாய்ஸ் வந்துச்சு, பேக்கிங் லிஸ்ட் வரல, மணி 6.10." அவ்வளவுதான், குத்தல் பேச்சு வேணாம். முக்கியமா குரூப்ல போடாதீங்க. நாலு பேர் முன்னாடின்னா மனுஷன் இன்னும் முறுக்கிப்பார். ரெண்டு வாரத்துல மாறலைன்னா அந்த மெசேஜ்களோட முதலாளிகிட்ட போங்க.