பெரியவள் குழம்புக்குப் போன பிறகு

கேள்வி: ஐயா, கொல்லையில் 8-க்கு 6 அடி வலை அடித்து ஏழு நாட்டுக்கோழி வளர்த்தோம். ஒரு சண்டை கிடையாது. தீபாவளிக்கு மாப்பிள்ளை வந்தபோது பெரிய கறுப்புப் பெட்டையை அடித்துவிட்டோம். மறுவாரம் சந்தையில் இரண்டு விடைக்கோழி (முட்டைக்கு வராத இளம்பெட்டை) வாங்கி உள்ளே விட்டேன். அன்றிலிருந்து ஒரே கொத்து. செவலைக்கோழி புதுசுகளைத் தீவனத்தட்டுப் பக்கம் விடுவதே இல்லை, ஒன்றுக்கு முதுகில் ரத்தம். அதைப் பஞ்சாரத்தில் (கவிழ்த்து மூடும் கூடை) போட்டு ஒரு வாரம் வீட்டுக்குள் வைத்திருந்தேன். வெளியே விட்டால் முன்னைவிட மோசம். செவலையை விற்றுவிடவா?
(வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்: விற்காதீர்கள். அதை விற்றால் அடுத்தது ஒன்று செவலையாகிவிடும்.

இத்தனை நாள் சண்டை இல்லாமல் இருந்தது உங்கள் கோழிகள் சாது என்பதால் அல்ல, கறுப்பி இருந்ததால். யார் முதலில் தின்பது, யார் உயரக் கட்டையில் அடைவது என்பதெல்லாம் அதற்குக் கீழே முடிவாகியிருந்தது, அதனால் ஒரு முறைப்பு, லேசாக ஒரு கொத்து, அதோடு வேலை முடிந்துவிடும். நீங்கள் அதைக் குழம்பு வைத்தீர்கள் (மாப்பிள்ளைக்குச் செய்யாமல் இருக்க முடியாது, அது வேறு). மிச்சமிருந்த ஆறும் தங்களுக்குள் வரிசையைப் புதிதாகப் போட்டுக்கொள்ள வேண்டிய நேரத்தில், முன்பின் தெரியாத இரண்டு உருப்படிகளை நடுவில் இறக்கியிருக்கிறீர்கள். செவலைக்கு இரட்டை வேலை.

இந்த வரிசையை முதலில் எழுதிவைத்தவர் நார்வேக்காரரான ஷெல்டெரப்-எப்பே. சிறுவயதிலேயே கோழிகளைப் பார்த்து எது எதைக் கொத்துகிறது என்று குறிப்பெடுத்தவர், 1922-இல் அதைக் கட்டுரையாகவே வெளியிட்டார். வரிசை எப்போதும் ஏணி மாதிரி நேராக இருக்காது என்பதையும் அவர் பார்த்திருக்கிறார்: ஒன்று இரண்டாவதைக் கொத்தும், இரண்டாவது மூன்றாவதைக் கொத்தும், அந்த மூன்றாவது போய் முதலாவதைக் கொத்தும். ஆகவே செவலைதான் தலைவி என்று முடிவு கட்டுமுன் அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்து பாருங்கள். சில சமயம் நமக்குச் சந்தேகமே வராத ஒரு நோஞ்சான்தான் ரத்தம் வரவைத்துக்கொண்டிருக்கும்.

நீங்கள் செய்த பெரிய தப்பு ஒன்று, எல்லோரும் செய்வதுதான்: அடிவாங்கியதை ஒளித்து வைத்தீர்கள். ஒரு வாரம் கண்ணில் படாமல் இருந்து திரும்பி வரும் கோழி மற்றவற்றுக்குப் புது ஆள் மாதிரிதான், மறுபடி கடைசிப் படியிலிருந்து தொடங்க வேண்டும். பிரிக்க வேண்டியது கொத்துகிறதை. செவலையை நாலைந்து நாள் மற்றவற்றின் கண்ணில் படாத இடத்தில் போடுங்கள், தீவனமும் தண்ணீரும் வழக்கம்போல் வையுங்கள், தண்டனையெல்லாம் வேண்டாம். அதற்குள் மற்றவை தங்களுக்குள் ஒரு ஏற்பாட்டுக்கு வந்துவிடும், திரும்பி வரும்போது தன் இடத்தைத் தேடுவதற்கே அதற்கு நேரம் சரியாக இருக்கும்.

காயம்பட்டது அதே வலைக்குள் பஞ்சாரத்துக்கு அடியில் இருக்கட்டும். பார்க்கலாம், கொத்த முடியாது. கூடவே இன்னொரு விடையையும் போடுங்கள், தனியாகப் போகிற கோழிதான் அதிகம் அடிவாங்கும். காயத்தைக் கழுவி வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவுங்கள், அந்தக் கசப்புக்கு அலகு வைக்க யோசிக்கும், சிவப்பும் மறையும். சிவப்பு தெரிந்தால் சாதுக்கோழியும் வந்து கொத்தும், ரத்தம் விஷயத்தில் கோழிக்கு இரக்கம் கிடையாது. காயம் ஆறி தோல் மூடிய பிறகு, இரவில் எல்லாம் அடைந்தபின் இரண்டையும் கட்டையில் ஏற்றிவிட்டு, விடியும்போது நீங்கள் அங்கே இருங்கள்.

இடம்தான் எனக்கு உறுத்துகிறது. 48 சதுர அடியில் எட்டுக் கோழி என்றால் ஒன்றுக்கு 6 சதுர அடி. பகலெல்லாம் உள்ளேயே கிடக்கிற கோழிக்குக் குறைந்தது 10 சதுர அடியாவது வேண்டும். அடிவாங்கியது ஓடித் தப்பித்தால் அதோடு சண்டை முடிந்துவிடும். ஓட வழியில்லாத மூலையில்தான் முதுகு கிழிகிறது. வலையை நீட்ட முடியாவிட்டால் சாயங்காலம் ஒரு மணி நேரம் வெளியே விடுங்கள், சுவரோரம் ஒரு பலகையைச் சாய்த்து ஒளிய இடம் செய்யுங்கள். தீவனத்தட்டு இரண்டு வேண்டும், அதுவும் ஒன்றின் பக்கத்தில் நின்றால் மற்றது தெரியாதபடி. செவலை ஒரே நேரத்தில் இரண்டுக்கும் காவல் நிற்க முடியாதல்லவா? முருங்கைக்கீரையைக் கட்டாகத் தலைக்கு மேலே தொங்கவிட்டால் எம்பி எம்பிக் கொத்துவதில் பாதிப் பகை போய்விடும்.

அப்புறம் ஒன்று, சந்தைக் கோழியை அன்றைக்கே உள்ளே விட்டிருக்கிறீர்கள். இனிமேல் இரண்டு வாரமாவது தள்ளி வையுங்கள். கொத்துக்காவது மஞ்சள் இருக்கிறது, புதுக்கோழியோடு வெள்ளைக்கழிச்சல் என்ற தொற்றுநோய் வந்தால் கொல்லையே காலி.

கேள்வி: அடையிலிருந்து எழுந்த கோழியை மற்றவை விரட்டுகின்றன. குஞ்சுகள் ஒன்றும் பொரியவில்லை. முன்பு இதுதான் எல்லாவற்றையும் அதட்டும்.

பதில்: 21 நாள் பதவியை விட்டு உட்கார்ந்திருந்தால் அப்படித்தான். இளைத்துமிருக்கும், கொண்டை வெளுத்துமிருக்கும், சிவந்த கொண்டைக்குத்தான் கோழிகளிடம் மரியாதை. ஒரு பத்து நாள் தனித்தட்டில் நன்றாகப் போட்டுப் பாருங்கள், கரையான் கிடைத்தால் இன்னும் நல்லது. பழைய இடம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். ரத்தம் வராதவரை நீங்கள் நடுவில் போகாதீர்கள். குஞ்சு பொரித்திருந்தால் கதையே வேறு, தாய்க்கோழி கிட்டே எது போனாலும் சிலிர்த்துக்கொண்டு பாய்ந்திருக்கும்.

கேள்வி: பண்ணையில் செய்வதுபோல அலகு நுனியை வெட்டிவிட்டால் கொத்து நிற்குமா?

பதில்: வெட்டாதீர்கள். அது நகம் மாதிரி அல்ல, உள்ளே நரம்பு ஓடுகிறது, வலிக்கும். மேய்ந்து பூச்சி பொறுக்கித் தின்கிற கோழிக்கு அலகுதான் கை. இறகு உதிர்கிற காலத்தில் கொத்து கூடினால் தீவனத்தைக் கவனியுங்கள்: இறகு பெரும்பாலும் புரதம்தான், வெறும் அரிசியும் சோறும் போட்டால் பக்கத்துக் கோழியின் இறகைப் பிடுங்கித் தின்னும். கடலைப்பிண்ணாக்கு கொஞ்சம் சேருங்கள், பூஞ்சை பிடித்த பிண்ணாக்கு மட்டும் வேண்டாம். இரவில் டார்ச் அடித்து இறக்கைக்கு அடியில் பேன், செள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.