கியர்பாக்ஸ் இறக்குவது: கேட்டவையும் சொன்னவையும்

கிளட்ச் பிளேட் மாற்றவோ, கிராங்க் ஷாஃப்ட்டின் பின்பக்க ஆயில் சீல் ஒழுகுவதைப் பார்க்கவோ, எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பிரித்தே ஆக வேண்டும். அதைப் பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். போல்ட் இருக்கும் இடமும் அளவும் வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் ஒர்க்‌ஷாப் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

சார், பின்சக்கர டிரைவ் வண்டி. சுத்தி இருந்த எல்லா போல்ட்டையும் கழட்டிட்டேன். கியர்பாக்ஸ் நகரவே மாட்டேங்குது. பெரிய ஸ்க்ரூடிரைவர் விட்டு நெம்பலாமா?

வேண்டாம். பெல் ஹவுசிங், அதாவது கியர்பாக்ஸின் முன்னால் எஞ்சினோடு சேரும் மணி வடிவக் கூடு, பெரும்பாலும் அலுமினிய வார்ப்பு. எஞ்சினோடு ஒட்டும் முகத்தில் ஒரு பள்ளம் விழுந்தால், திரும்ப மாட்டும்போது அந்த இடம் சமமாக உட்காராது.

‘எல்லா போல்ட்டையும்’ என்று சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, இன்னும் ஒன்று எங்கே என்றுதான். பல வண்டிகளில் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிடிக்கும் போல்ட்டே பெல் ஹவுசிங்கையும் பிடிக்கும். சில போல்ட் கியர்பாக்ஸ் பக்கமிருந்து எஞ்சினுக்குள் போகும், சில எதிர்ப்பக்கமிருந்து வரும். ஆயில் சம்ப்பை ஒட்டிக் கீழே சின்னதாக இரண்டு இருக்கலாம், அழுக்கு மூடி ஆளுக்கே தெரியாது. டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் எடுத்துக்கொண்டு, விளிம்பு முழுவதையும் விரலால் தடவிப் பாருங்கள்.

போல்ட் மிச்சமில்லை என்று உறுதியானால் அடுத்தது டோவல் பின். எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே மையத்தில் நிற்க வைக்கப்பட்ட இரண்டு குழல் பின்கள் அவை. துருவும் அலுமினிய உப்பும் சேர்ந்து அங்கே இறுகிக்கொள்ளும். துரு இளக்கும் ஆயில் அடித்து ஓர் இரவு விடுங்கள். பிறகு மரக்கட்டை வைத்து, பெல் ஹவுசிங்கின் தடித்த விலா மீது இந்தப் பக்கம் ஒரு தட்டு, அந்தப் பக்கம் ஒரு தட்டு.

ஒரு மில்லிமீட்டர் இடைவெளி திறந்ததும் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள். மேலே திறந்து கீழே மூடியிருந்தால் கியர்பாக்ஸின் வால் தொங்குகிறது, ஜாக்கியைக் கொஞ்சம் ஏற்றுங்கள். கீழே திறந்து மேலே மூடியிருந்தால் வால் தூக்கி நிற்கிறது, அல்லது மேலே ஒரு போல்ட் ஒளிந்திருக்கிறது. சுற்றிலும் ஒரே அளவு இடைவெளி வந்துவிட்டால் கையால் ஆட்டினாலே பின்னால் வரும்.

அண்ணா, மேல இருக்கிற ரெண்டு போல்ட்டுக்குக் கையே போகல. ஃபயர்வால் (எஞ்சினுக்குப் பின்னால இருக்கிற தடுப்புத் தகடு) இடிக்குது.

பின்சக்கர டிரைவ் வண்டி என்றால் மேலேயிருந்து முயற்சி செய்யாதீர்கள். கியர்பாக்ஸுக்கு ஜாக்கி கொடுத்து, பின்னால் தாங்கும் குறுக்குச் சட்டத்தைக் கழற்றி, வாலை மெதுவாக இறக்குங்கள். எஞ்சினும் சேர்ந்து சாயும், அப்போது மேல் போல்ட்டுகள் கண்ணுக்குத் தெரியும். நீளமான எக்ஸ்டென்ஷன் கம்பிகளை ஒன்றோடொன்று கோத்து, முனையில் யுனிவர்சல் ஜாயின்ட் போட்டு, கியர்பாக்ஸின் மேலாகப் பின்பக்கமிருந்து விட்டால் நேராகப் போய் உட்காரும். சாய்க்கும் முன் ரேடியேட்டர் ஃபேன், ஹோஸ், எஞ்சினின் பின்பக்கம் எல்லாம் எதிலும் இடிக்காமல் இருக்கிறதா என்று ஒருவர் மேலேயிருந்து பார்க்க வேண்டும்.

முன்சக்கர டிரைவில் பேட்டரி, பேட்டரித் தட்டு, ஏர் ஃபில்ட்டர் பெட்டி மூன்றையும் எடுத்துவிட்டால் பாதி வேலை மேலேயிருந்தே முடியும். ஆறு மூலை பாக்ஸ் ஸ்பேனர்தான் போட வேண்டும். பன்னிரண்டு மூலை போட்டு அந்த போல்ட்டின் தலையை உருட்டிவிட்டால் அப்புறம் அழுதாலும் வராது.

ஒரு ஜாக்கி போதுமா?

போதாது. சின்னக் காரின் மேனுவல் கியர்பாக்ஸே 30 முதல் 50 கிலோ இருக்கும். ஆட்டோமேட்டிக் அதைவிட மிகக் கனம். வண்டி நிற்பது ஸ்டாண்டின் மீது, கியர்பாக்ஸுக்கு ஒரு ஜாக்கி, எஞ்சினுக்குத் தனியாக இன்னொரு தாங்கல் அல்லது மேலே குறுக்குக் கம்பி. முன்சக்கர டிரைவில் கியர்பாக்ஸ் பக்க மவுண்ட்டைக் கழற்றிய கணத்தில் எஞ்சின் ஒரு பக்கமாகக் கவிழப் பார்க்கும், இதை மறந்து மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். கியர்பாக்ஸை ஜாக்கியோடு பட்டையால் கட்டுங்கள். நெஞ்சில் தாங்கி இறக்கும் வீரத்தை நான் ஒருபோதும் பாராட்டியதில்லை.

ஆயில் வடிக்கணுமா?

முன்சக்கர டிரைவில் ஆம், சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்ட்டை உருவியதும் அந்த ஓட்டை வழியே கொட்டும். பின்சக்கர டிரைவில், சுழற்சியைப் பின்னால் கொண்டுபோகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட்டை உருவிய பிறகு வாலைத் தாழ்த்தினால் அங்கே ஒழுகும். வடிப்பதற்கு முன் நிரப்பும் பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். வடித்த பிறகு அது இறுகிப்போயிருப்பது தெரிந்தால் ஆயில் ஊற்ற வழியில்லை.

ஆட்டோமேட்டிக் வண்டி சார். டார்க் கன்வெர்ட்டரை எஞ்சின் பக்கமே விட்டுட்டு கியர்பாக்ஸை மட்டும் பின்னால இழுக்கலாமா? அதோட போல்ட் எட்டல.

கூடாது. கன்வெர்ட்டர் (ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சின் இடத்தில் ஆயில் வழியாகச் சக்தியைக் கடத்தும் பாகம்) கியர்பாக்ஸோடுதான் வெளியே வர வேண்டும். அதன் கழுத்துதான் உள்ளே ஆயில் பம்ப்பைச் சுற்றுகிறது. அங்கேயே விட்டு இழுத்தால் பம்ப் சீல், புஷ் எல்லாம் அடிபடும்.

கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையிலுள்ள மெல்லிய தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டோடு கன்வெர்ட்டரைப் பிடிப்பது வழக்கமாக மூன்று, நான்கு அல்லது ஆறு போல்ட். ஸ்டார்ட்டரைக் கழற்றிய ஓட்டை வழியாகவோ, பெல் ஹவுசிங்கின் அடியிலுள்ள சின்ன மூடியைத் திறந்தோ ஒரு நேரத்தில் ஒன்றைப் பார்க்கலாம். முன்னால் கிராங்க் புல்லியின் போல்ட்டில் ஸ்பேனர் போட்டு, எஞ்சின் சுற்றும் திசையிலேயே திருப்பினால் அடுத்தது வந்து நிற்கும். எல்லாம் கழன்றதும் கன்வெர்ட்டரைக் கியர்பாக்ஸ் பக்கமாகத் தள்ளிவிட்டு, பெல் ஹவுசிங்கின் வாயில் ஒரு பட்டையைக் குறுக்கே போல்ட் போட்டு அடைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் இறக்கும்போது நழுவி, உள்ளே இருக்கும் ஆயிலோடு காலில் விழும்.

பெரிய செலவு வைப்பது திரும்ப மாட்டும்போதுதான். கன்வெர்ட்டரைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும். முதலில் ஸ்ப்லைன்கள் (ஷாஃப்ட்டிலுள்ள நீளவாக்குப் பற்கள்), கடைசியில் பம்ப் என்று படிப்படியாக ‘டொக்’ ‘டொக்’ என்று இறங்கும். கடைசி டொக் வராமல் ஏறக்குறைய உட்கார்ந்த மாதிரியே தெரியும், அதில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். பெல் ஹவுசிங்கின் வாயில் நேர்க்கம்பி ஒன்றை வைத்து, கன்வெர்ட்டர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து மேனுவலோடு ஒப்பிடுங்கள். கியர்பாக்ஸை எஞ்சினோடு சேர்த்த பின், ஃப்ளெக்ஸ் பிளேட்டுக்கு போல்ட் போடுமுன், கன்வெர்ட்டர் கையால் தாராளமாகச் சுற்ற வேண்டும், இடையில் சில மில்லிமீட்டர் இடைவெளியும் இருக்க வேண்டும். சுற்றவில்லை என்றால் உடனே பிரியுங்கள். அப்படியே போல்ட்டை முறுக்கினால் பம்ப் உடையும்.

மேனுவல் கியர்பாக்ஸ்ணா. மாட்டும்போது கடைசி அரை இஞ்ச் மட்டும் நிக்குது. ஃப்ரெண்டு சொல்றான், நீள போல்ட் போட்டு முறுக்கினா தானா வந்துடும்னு.

வந்துவிடும் தம்பி, பெல் ஹவுசிங்கின் காது உடைந்து வரும். போல்ட் சேர்ந்திருப்பதைப் பிடித்துவைக்கத்தான், இழுத்துச் சேர்க்க அல்ல.

கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீலோடு அழுத்தும் பிரஷர் பிளேட்டை முறுக்கும்போது அலைன்மென்ட் கருவியால் கிளட்ச் பிளேட்டை நடுவில் நிறுத்தினீர்களா? இல்லையென்றால் கியர்பாக்ஸின் முன்னால் நீட்டியிருக்கும் இன்புட் ஷாஃப்ட், பிளேட்டின் நடுவிலுள்ள ஹப்பைத் தாண்டிப் போனாலும், கிராங்க் ஷாஃப்ட்டின் முனையிலுள்ள பைலட் பேரிங்கின் விளிம்பில் முட்டும். பிளேட்டில் ஃப்ளைவீல் பக்கம் எது என்று எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். நடுவில் சரியாக இருக்கிறது என்றால், கியர் போட்டுவிட்டு, ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் மாட்டும் பின்முனையைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றுங்கள், பல்லோடு பல் கோத்துக்கொள்ளும். சுற்றிலும் இடைவெளி சமமாக இருக்கும்வரை ஜாக்கியை ஏற்றி இறக்குங்கள்.

இரண்டு நீள போல்ட்டின் தலையை அறுத்து, முனையில் ஸ்க்ரூடிரைவர் பள்ளம் போட்டு, எஞ்சினில் எதிரெதிரே வழிகாட்டிக் கம்பியாகச் சொருகினால் கியர்பாக்ஸ் அதன் மேல் சறுக்கியே வரும். பாதி வழியில் கியர்பாக்ஸின் எடையை இன்புட் ஷாஃப்ட்டில் தொங்கவிடாதீர்கள். கிளட்ச் பிளேட்டின் ஹப் வளைந்தால் புதுக் கிளட்ச்சும் சரியாக விடாது.

ஸ்ப்லைன்ல கிரீஸ் நிறைய வைக்கணுமா?

மேலாக ஒரு தடவல் போதும், மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். அதிகமானால் சுழலும்போது தெறித்துக் கிளட்ச் லைனிங்கில் படும்.

போல்ட் எல்லாம் ஒரே டப்பால போட்டுட்டேன். நீளம் வேற வேற இருக்கு. எது எங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ஓட்டை ஒவ்வொன்றிலும் மெல்லிய கம்பி விட்டு ஆழம் பாருங்கள், போல்ட்டில் துருவும் பளபளப்பும் எங்கே பிரிகின்றன என்று பாருங்கள். கையால் எத்தனை சுற்று போகிறது என்பதும் சொல்லும். நீள போல்ட்டைக் குட்டை ஓட்டையில் முறுக்கினால் முகம் சேரும் முன்பே அடியில் முட்டி எஞ்சின் பிளாக்கை உடைக்கலாம். குட்டையை நீள ஓட்டையில் போட்டால் இரண்டே மரை பிடித்து, அலுமினிய மரையைப் பிய்த்துக்கொண்டு வரும். அடுத்த தடவை அட்டையில் பெல் ஹவுசிங்கின் உருவத்தை வரைந்து, கழற்றக் கழற்ற அதே இடத்தில் குத்திவையுங்கள். முறுக்குவது டார்க் ரெஞ்சால், மேனுவலில் உள்ள எண்ணுக்கு.

இறக்கினது இறக்கியாச்சு, வேற என்னென்ன மாத்தலாம்?

பெடலை மிதிக்கும்போது கிளட்ச்சை விடுவிக்கும் ரிலீஸ் பேரிங் கட்டாயம். பைலட் பேரிங் இருந்தால் அதுவும். பின்பக்க ஆயில் சீலில் ஈரம் தெரிந்தால் தள்ளிப்போட வேண்டாம். ஃப்ளைவீலில் நீலம் பாய்ந்த புள்ளியோ விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். டியூயல் மாஸ் ஃப்ளைவீலை (நடுவில் ஸ்பிரிங் வைத்து இணைத்த இரட்டை ஃப்ளைவீல்) சாதாரண ஃப்ளைவீல் மாதிரி கடைசலுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அதில் பார்க்க வேண்டியது உள்ளே எவ்வளவு ஆட்டம் என்பது. உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள், பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடையுங்கள்.

பைக்லயும் இதே மாதிரிதானா?

இல்லை. பெரும்பாலான பைக்குகளில் கியர்கள் எஞ்சின் கேஸுக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே பிரிப்பது என்றால் எஞ்சினையே பிளப்பது, அது வேறு வேலை.

எல்லாம் மாட்டியாச்சு. ஆனா கிளட்ச் பெடல் தரையோட போயிடுது. திரும்பவும் இறக்கணுமா சார்?

கியர்பாக்ஸ் வெளியே இருந்தபோது யாராவது பெடலை மிதித்தார்களா? ஹைட்ராலிக் கிளட்ச்சில் எதிரே தடுக்க ஒன்றும் இல்லாததால் கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். யாரும் மிதிக்கவில்லை என்றால் காற்றுப் புகுந்திருக்கும், ப்ளீட் செய்து அந்தக் காற்றை வெளியேற்றுங்கள். ஸ்லேவ் வெளியே பொருத்தப்பட்ட வகை என்றால் இரண்டு போல்ட்டோடு முடிந்தது. இன்புட் ஷாஃப்ட்டைச் சுற்றி உள்ளே உட்காரும் வகை என்றால் பெல் ஹவுசிங்கின் அடியில் விரலை வைத்துப் பாருங்கள். பிரேக் ஃப்ளூயிட் ஒட்டினால், ஆமாம், திரும்ப இறக்கத்தான் வேண்டும்.