கேம்பரை வளைக்க விடாதீர்கள்

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். ஐந்து வயதான ஹேட்ச்பேக் கார், 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மாதம் ஒருமுறை குடும்பத்தோடு சேலம் போய் வருவோம். சென்ற மாதம் மழையில் தொப்பூர் இறக்கத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாமல் நேராகத் தடுப்புச் சுவரை நோக்கிப் போய்விட்டது. மயிரிழையில் தப்பினோம். ஜே.சி. ரோட்டில் ஒரு டயர் கடையில் கேம்பர் (சக்கரத்தின் சாய்வு) போய்விட்டது என்கிறார்கள். அகலமான டயரும் அலாய் வீலும் போட்டால் சரியாகும் என்று 52,000 ரூபாய் கேட்கிறார்கள். அவ்வளவு முடியாவிட்டால் முன்பக்கம் இரண்டு புது டயராவது போடச் சொல்கிறார்கள். பின் டயர்கள் நன்றாக இருக்கின்றன. டயர்களை இதுவரை இடம் மாற்றியதில்லை. இன்னொரு மெக்கானிக் சஸ்பென்ஷன் (சக்கரத்தை வண்டியோடு இணைத்து அதிர்வைத் தாங்கும் பாகங்கள்) முழுவதையும் மாற்ற வேண்டும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இப்போதைக்கு யாருக்கும் பணம் கொடுக்காதீர்கள். உங்கள் கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது: டயர்களை ஒருமுறைகூட இடம் மாற்றவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள்.

முன் டயர்கள் பின் டயர்களுக்கு முன்பாகவே தரைப் பிடியை இழந்துவிடுவதை அண்டர்ஸ்டியர் என்பார்கள். உங்களுக்கு நடந்தது அதுதான். உங்கள் காரில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. வண்டியை இழுப்பதும் திருப்புவதும் முன் சக்கரங்கள்தான், பிரேக்கின் பெரும் பங்கும் அவற்றின் மேல்தான் விழுகிறது. ஆகவே இடம் மாற்றாமலே ஓட்டினால் முதலில் தேய்வதும் முன் டயர்கள்தான். ஒரு டயர் தரையைத் தொடும் இடமோ ஏறக்குறைய உங்கள் உள்ளங்கை அளவு. அந்தப் பிடியை ஒரு குடம் தண்ணீராக நினைத்துக்கொள்ளுங்கள். பிரேக்குக்கு முக்கால் குடத்தை ஊற்றிவிட்டால் திருப்புவதற்குக் கால் குடம்தான் மிஞ்சும். மழையில் குடமே சிறியதாகிவிடுகிறது. டயர் மொட்டையாக இருந்தால் அதிலும் பாதி.

முதலில் ஒன்றை நினைவுபடுத்திப் பாருங்கள். இடப்பக்க வளைவு, வலப்பக்க வளைவு இரண்டிலும் வண்டி இப்படி நழுவுகிறதா, ஒரு பக்கம் மட்டுமா? இரண்டு பக்கமும் ஒரே மாதிரி என்றால் டயரையும் வேகத்தையும் சந்தேகியுங்கள். ஒரு பக்கம் மட்டும் என்றால், அல்லது நேர்ச்சாலையிலேயே ஸ்டீயரிங் ஒரு பக்கம் இழுக்கிறது என்றால், வண்டியின் அடியில் ஏதோ வளைந்தோ தேய்ந்தோ இருக்கலாம்.

அடுத்து, ஞாயிறு காலையில் ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாகத் திருப்பி நிறுத்திவிட்டு முன் டயரின் பக்கத்தில் உட்காருங்கள். பட்டனுக்கு (தரையைத் தொடும் ரப்பர் கட்டிகளுக்கு) நடுவே உள்ள பள்ளத்தின் ஆழத்தை உள்ளோரம், நடு, வெளியோரம் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பிள்ளைகளின் ஸ்கேல் போதும். ஸ்கேலில் பூஜ்யத்துக்கு முன்னால் விட்டிருக்கும் இடத்தையும் ஆழத்தோடு சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை அனுமதிக்கிறது. 3 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயரோடு மழையில் தொப்பூர் இறங்க நான் சம்மதிக்க மாட்டேன். தேங்கிய நீரை ஒதுக்கித் தள்ள அந்தப் பள்ளத்துக்கு ஆழம் போதாது. பிறகு உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் அலைன்மென்ட் (சக்கரங்கள் நிற்கும் கோணம்) கெட்டிருக்கிறது. இரண்டு ஓரமும் தேய்ந்து நடு நன்றாக இருந்தால் காற்றுக் குறைவாக ஓட்டியிருக்கிறீர்கள்.

டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளோடு தொடங்கும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் தயாரானது என்று பொருள். புது டயர் வாங்கும்போதும் இதைப் பார்த்த பிறகே பில் போடச் சொல்லுங்கள். குடோனில் ஆண்டுக்கணக்கில் கிடந்ததைப் புதியது என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் கடைக்காரர் சொன்னபடி செய்யாதீர்கள். "எஞ்சின் முன்னால், பிரேக் முன்னால், ஆகவே புதியதும் முன்னால்" என்று அவர் சொல்வது காதுக்குச் சரியாகத்தான் படும். ஆனால் புது டயர் பின்னால் போக வேண்டும். நன்றாக இருப்பதாக நீங்கள் சொல்லும் பின் டயர்களை முன்னால் கொண்டுவாருங்கள். முன் டயர் நழுவினால் வண்டி நேராகப் போகும். காலை எடுத்தால் வேகம் குறையும், பிடி திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. பின் டயர் நழுவினால் வண்டி சுழலும். சுழலும் வண்டியைக் காப்பாற்றுவது தேர்ந்த ஓட்டுநருக்கே கடினம். ஆகவே அதிகப் பிடி எப்போதும் பின்னால் இருக்கட்டும். இப்படி மாற்றினால் முன்பக்கமும் இன்றிருக்கும் நிலையைவிட மேம்படும், பின்பக்கமும் பத்திரம். இதற்கும் ஒரு விதிவிலக்கு உண்டு: பின் டயர்களின் பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருந்தாலோ ரப்பர் கட்டையாக இறுகியிருந்தாலோ, பட்டன் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் அவை முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். நான்கையும் மாற்றுங்கள். ஐந்து வருட வெயிலில் நின்ற டயர்களில் பார்வைக்கு நன்றாக இருப்பது வேறு, பிடிப்பு இருப்பது வேறு. கையில் பணம் இல்லை என்றால் சேலம் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். நான்கையும் மாற்றிவிட்டு, இனி 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்பின் இடம் மாற்றி வாருங்கள்.

கேம்பருக்கு வருகிறேன். இந்தக் கொடுமையைப் பல வருடங்களாகக் கண்ணால் பார்த்துவருகிறேன். உங்களுடையதைப் போன்ற பெரும்பாலான சிறிய கார்களில் அலைன்மென்ட் செய்யும்போது திருகிச் சரிசெய்ய முடிவது டோ ஒன்றைத்தான், அதாவது சக்கரங்கள் நேராகப் பார்க்கின்றனவா என்பதை மட்டும்தான். கேம்பர் என்பது சக்கரம் மேலிருந்து கீழாக எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. அதைத் திருப்ப உங்கள் காரில் போல்ட் இருக்காது. அப்படியானால் கடையில் எதைச் சரிசெய்கிறார்கள்? கொக்கியும் சங்கிலியும் கோத்த சிறிய ஹைட்ராலிக் ஜாக் ஒன்றை எடுத்துவந்து, ஷாக் அப்சார்பருக்கும் சக்கரத்தைத் தாங்கும் இரும்புக்கும் நடுவே மாட்டிப் பம்ப் அடிக்கிறார்கள். இரும்பு முனகும். திரையில் சிவப்பாக இருந்த எண் பச்சையாகிவிடும். வாடிக்கையாளர் மகிழ்ச்சியோடு பணம் கட்டுகிறார். வளைந்தது அவருடைய ஷாக் அப்சார்பர்! சில மாதங்களில் அதன் சீல் போய் எண்ணெய் கசியும், அப்போது அதே கடையில் புதியது விற்பார்கள். கேம்பர் உண்மையிலேயே தவறாக இருந்தால் ஏதோ ஒரு பாகம் பள்ளத்தில் அடிவாங்கியிருக்கிறது. அது எது என்று கண்டுபிடித்து மாற்றுவதுதான் வேலை. "டோ மட்டும் செய்யுங்கள், வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுகளை அச்சிட்டுக் கொடுங்கள்" என்று கேளுங்கள். அச்சிட்டுத் தர மறுக்கும் இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

அகலமான டயர் தேங்கிய நீரில் சீக்கிரமே மிதக்கத் தொடங்கும். பக்கவாட்டு உயரம் குறைந்த டயரோடு அலாய் வீலை மாட்டிக்கொண்டு பெங்களூரின் பள்ளங்களில் ஓட்டினால் ரிம் எத்தனை நாள் தாங்கும்? கம்பெனி போட்ட அளவிலேயே நல்ல டயர் வாங்குங்கள். சஸ்பென்ஷனில் முழுதாக மாற்ற எதுவும் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடித்திருக்கும் கையின் ரப்பர்), பால் ஜாயின்ட் (அதன் மூட்டு), ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு, இவற்றை மட்டும் லிஃப்டில் ஏற்றி உங்கள் கண்முன்னே காட்டச் சொல்லுங்கள்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புகைச் சான்றிதழ் இல்லையென்றால் அபராதம் போடுகிறார்கள். அந்தச் சோதனையில் டயரை யாரும் குனிந்துகூடப் பார்ப்பதில்லை. சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம். அதுவரை வண்டியின் தகுதியைச் சோதிக்க யாரும் கூப்பிடப்போவதில்லை. ஓட்டுநர் உரிமத் தேர்வில் ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிறார்கள், ஈரச்சாலையில் வளைவுக்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் கேட்பதில்லை. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகிறவர்களை இந்த நிலையில் விட்டிருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

ஆகவே நானே சொல்கிறேன். தொப்பூரில் சேலம் திசை இறக்கம், வண்டி தானாகவே வேகம் எடுக்கும். மேலேயே மூன்றாவது கியருக்கு வந்துவிடுங்கள். சாலை நேராக இருக்கும்போதே பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, பிரேக்கிலிருந்து காலை மெல்ல எடுத்தபடி ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். வளைவு முடிந்து சாலை நேராகத் தெரிந்த பிறகு ஆக்சிலரேட்டர். மீண்டும் வண்டி நழுவினால் ஸ்டீயரிங் கையில் திடீரென்று லேசாகிவிடும். அந்த நொடியில் இன்னும் திருப்பத்தான் கை போகும். திருப்பாதீர்கள். ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாமல் தளர்த்தி, ஸ்டீயரிங்கையும் சற்றே பின்வாங்குங்கள். டயர் மறுபடி பிடித்ததும் வண்டி உங்கள் பேச்சைக் கேட்கும்.

காற்றை வீட்டிலிருந்து கிளம்பியதும் பக்கத்து பெட்ரோல் பங்கிலேயே, டயர் சூடாகும் முன் பிடியுங்கள். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் முழுச் சுமைக்குத் தனி அளவு போட்டிருந்தால் அதையே வையுங்கள். கிருஷ்ணகிரியில் டீக்கு நிறுத்தும்போது பார்த்தால் மூன்று நான்கு புள்ளி (பி.எஸ்.ஐ.) கூடுதலாகக் காட்டும், அது சூட்டினால் ஏறியது. அதிகமாக இருக்கிறது என்று பங்கில் இறக்க வந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.