பௌதிகவியலைக் கைவிட வேண்டாம்: ஒரு தந்தைக்கு எழுதிய பதில்

மதிப்புக்குரிய ஐயாவுக்கு,

உங்கள் மனைவிக்குக் கண்டியில் பைபாஸ் சத்திரசிகிச்சை நடந்த நாளிலிருந்து, அந்த அறைக்குள் அம்மாவின் இரத்த ஓட்டத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் யார் என்று மகள் ஓயாமல் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். பாடசாலையில் பௌதிகவியல் ஆசிரியர் இல்லாததால், உயர்தரத்தில் அதை விட்டு விவசாய விஞ்ஞானம் எடுக்க வைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தானும் அந்த வேலைக்குப் போகவேண்டும் என்ற மகளின் ஆசையும் இந்த மாற்றமும் ஒன்றாகப் போகாது என்பதால் உடனே எழுதுகிறேன்.

மகள் கேட்பவர் மயக்க மருந்து வைத்திய நிபுணர். மணிக்கட்டு நாடியில் செருகிய மெல்லிய குழாய் ஒவ்வொரு துடிப்பின் அமுக்கத்தையும் அவருக்குக் காட்டும். உணவுக்குழாய் வழியே இறக்கும், ஒலியலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ கருவி, இதய அறைகள் எவ்வளவு நிரம்புகின்றன, எவ்வளவு வலுவாகச் சுருங்குகின்றன என்பதைக் காட்டும். அமுக்கம் இறங்கியதும் சேலைன் ஏற்றிவிட்டால் போதாதா என்று நமக்குத் தோன்றும். ஆனால் உடலில் திரவம் குறைந்திருக்கலாம், இரத்தக் குழாய்கள் தளர்ந்திருக்கலாம், இதயமே களைத்துமிருக்கலாம். களைத்த இதயத்துக்கு மேலும் திரவம் கொடுத்தால் அது நுரையீரலில் தேங்கும். ஆகவே சிறிதளவு ஏற்றி, ஒரு துடிப்பில் வெளியேறும் இரத்தம் கூடுகிறதா என்று பார்த்து, கூடாவிட்டால் நிறுத்திவிட்டு வேறு காரணத்தைத் தேடுவார்கள்.

இதயத்தை நிறுத்திச் செய்யும் சத்திரசிகிச்சையில் அதன் வேலையை இதய நுரையீரல் இயந்திரம் ஏற்கிறது. 1953ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜோன் கிப்பன் அதை முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். அதை இயக்குபவர், வழக்கமான உடல் வெப்பத்தில், உடற்பரப்பின் ஒரு சதுர மீற்றருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2.4 லீற்றர் இரத்தம் பாயவேண்டும் என்று கணக்கிடுவார், 1.5 சதுர மீற்றர் பரப்புள்ள ஒருவருக்கு அது நிமிடத்துக்கு 3.6 லீற்றர்.

இவை அனைத்தும் பௌதிகவியல்தான், ஐயா. உயர்தரப் பாடத்திட்டத்தில் பாகுநிலையோடு, அதாவது திரவம் ஓடும்போது காட்டும் உள்தடையோடு, வரும் புவாசேயின் சமன்பாட்டின்படி, குழாயின் ஆரை பாதியானால் பாய்ச்சல் பதினாறில் ஒரு பங்காகிவிடும். விரைவாக இரத்தம் ஏற்றவேண்டிய நேரத்தில் அகலமான, குட்டையான குழாயைத் தேர்வது இதனால்தான். அம்மாவின் கையில் இருந்த குழாயை நினைத்துக்கொண்டு படிக்கும் பிள்ளைக்கு இந்தச் சமன்பாடு மறக்காது என்று நான் நம்புகிறேன்.

மருத்துவ பீடத்துக்கு உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றும் கட்டாயம். அங்கே 5 ஆண்டுகள், பின்னர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி, அதற்குப் பிறகே நிபுணத்துவப் பயிற்சி. நீண்ட பாதைதான். என்றாலும் அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு உண்டு; நுவரெலியா, பதுளை இரண்டும் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களாகவும் கணிக்கப்படுகின்றன. பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளி போதாமற்போனால், பேராதனையில் தாதியியல் பட்டம் உண்டு. இதய சத்திரசிகிச்சைக்குப் பிந்திய தீவிர சிகிச்சைப் பிரிவில் மணிக்கு மணி சிறுநீரையும் அமுக்கத்தையும் குறித்து, மாற்றத்தை முதலில் உணர்பவர் தாதியே. அது தோற்றவர்கள் போகும் பாதை என்று மகளிடம் சொல்லிவிடாதீர்கள்.

ஆசிரியர் இல்லாத குறை உண்மையானது. தோட்டப் பாடசாலைகளில் இதனால் திசைமாறிய பிள்ளைகளைப் பார்த்து நான் வேதனைப்பட்டிருக்கிறேன். ஹற்றனிலோ நுவரெலியாவிலோ வார இறுதி வகுப்பு, கடந்தகால வினாத்தாள்கள், அயற்பாடசாலை ஆசிரியர் ஒருவரின் உதவி ஆகியவற்றை ஒரு தவணைக்காவது முயன்று பாருங்கள். பாடமாற்றப் படிவத்தில் கையொப்பமிடுமுன், மகளையும் அவருடைய பௌதிகவியல் விடைத்தாள்களையும் என்னிடம் அழைத்து வாருங்கள். எந்த அலகில் தடுமாறுகிறார் என்று மூவரும் உட்கார்ந்து பார்ப்போம்.